காட்டு உருளைக்கிழங்கைத் தேடியவர், சிறையில் பட்டினியால் இறந்தார்: யார் இந்த வாவிலோவ்?

நாம சாப்பிடுற உருளைக்கிழங்குக்குக் காட்டில் சொந்தங்கள் உண்டு. பெரும்பாலும் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். பல கசக்கும், சிலது நஞ்சு. அப்புறம் எதுக்கு அதைக் காப்பாத்தணும்? இதற்கான பதிலைத் தேடி உலகம் சுற்றியவர் ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ்.

காட்டுக் கிழங்கு எதுக்கு?

1845-இல் அயர்லாந்து வயல்களில் கருகல் நோய் புகுந்தது. எல்லாம் ஒரே மாதிரி ரகம் என்பதால் மொத்தமாக அழிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சத்தால் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால், மெக்சிகோ மலைகளில் வளரும் 'சொலானம் டெமிசம்' என்ற காட்டுச் செடி அந்த நோயைத் தாங்கும். அதைப் பயிர் ரகத்தோடு கலந்தால் எதிர்ப்புச் சக்தி வரும்.

1887-இல் மாஸ்கோவில் பிறந்த வாவிலோவ், பயிர் தோன்றிய இடத்தில்தான் அதன் வகைகள் அதிகம் என்று நம்பினார். 1925 முதல் அவரது சகாக்கள் புகாசோவும் யூசெப்சுக்கும் மெக்சிகோ முதல் சிலி வரை அலைந்து கிழங்குகளைச் சேகரித்தார்கள். 1932-இல் அவரே தென் அமெரிக்கா போனார். லெனின்கிராட் நிறுவனத்தில் சுமார் 2.5 லட்சம் பயிர் மாதிரிகள் சேர்ந்தன.

கைது ஏன்?

மரபியலையே மறுத்த லைசென்கோவுக்கு ஸ்டாலின் ஆதரவு இருந்தது. வாவிலோவ் வளைந்து கொடுக்கவில்லை. 1940 ஆகஸ்டில் கைது, அடுத்த ஆண்டு மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டு சிறையானது. 1943 ஜனவரி 26 அன்று சரதோவ் சிறையில் பட்டினியால் உடல் நொந்து இறந்தார். வயது 55.

சேகரிப்பு என்ன ஆச்சு?

அப்போது லெனின்கிராட் ஜெர்மன் முற்றுகையில் இருந்தது. விதையைப் பல வருஷம் வைக்கலாம். கிழங்கை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் நட்டாகணும், குளிரில் உறைஞ்சா போச்சு. ஊழியர்கள் கிடைத்ததை எரித்து நிலவறையைச் சூடாக வைத்தார்கள். சேகரிப்பில் கை வைக்காமல் பலர் பசியால் செத்தார்கள். அரிசி மாதிரிகளைப் பாதுகாத்த இவானோவும் அதில் ஒருவர்.

இன்னைக்கு ஏன் முக்கியம்?

டெமிசம் தந்த எதிர்ப்புச் சக்தியைக் கருகல் கிருமி பின்னாளில் உடைத்துவிட்டது. கிருமி மாறிக்கிட்டே இருக்கு. குளிர்பெட்டியில் இருக்கும் விதை மாறாது. மலையில் இருக்கும் செடி நோயோடு போராடித் தானும் மாறும். அதனால் விதை வங்கி மட்டும் போதாது. அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து சிலி வரை நூற்றுக்கும் மேற்பட்ட காட்டு இனங்கள் இருக்கின்றன. மேய்ச்சல், புது வயல்கள், வெப்பமாதல் என அவற்றின் இடம் சுருங்குகிறது.

1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். அந்த நிறுவனம் இப்போது அவர் பெயரில்தான் இயங்குகிறது.