பிர்சா முண்டர்

சென்ற விடுமுறையில் யாம் திருநீர்மலைக் குன்றேறித் திரும்புங்கால், அடிவாரத்துத் தெருவில் ஒரு வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருக்கக் கண்டோம். தண்ணீர் வேண்டி அணுகிய எம்மைத் திண்ணையிலிருந்த மூதாட்டி கைகாட்டி விலக்கினார். அம்மை கண்ட வீடு அது. தலைக்கு நீர் விடுமளவும் அயலார் உட்புகார், வீட்டாரும் வெளிச்செல்லார். தெய்வத்திற்கஞ்சிச் செய்யும் இவ்வழக்கினுள் தொற்றைத் தடுக்கும் அறிவும் பொதிந்துளது. வழிநெடுக, அம்மை நோயாளரிடையே வாழ்ந்த பிர்சா முண்டரின் சரிதமே எம் நினைவில் நின்றது.

அவர் 1875ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், சோட்டா நாகபுரிக் காட்டிலுள்ள உலிஹாத்து என்னும் சிற்றூரில் வறிய பெற்றோருக்குப் பிறந்தார். சாயிபாசாவில் ஜெர்மானிய மிஷன் பள்ளியிற் பயின்றார். கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவித் தாவீது என்னும் பெயரும் பூண்டார். முண்டரின் நிலங்கள் அயலார் கைப்பட்டு வந்த காலம் அது. அவ்வழக்கில் மிஷனார் தம்மவர்க்குத் துணை நில்லாமை கண்டு, அவர் சபையை விட்டகன்றார். மிஷன் கல்லூரி மாணவராகிய எமக்கு இதனை எழுதுதல் எளிதன்று, மறைத்தலோ தகாது.

முண்டர் நோயைப் போங்காக்கள் என்னும் ஆவிகளின் சினமெனக் கருதுவர். இன்ன ஆவியெனக் குறிசொல்வோன் உரைப்பான். கோழியும் ஆடும் பலியாகும். 1895இல் பெரியம்மை பரவியபோது, பிர்சா நோயாளரருகிருந்து பணிவிடை புரிந்தார். ஆவிகட்குப் பலியிடலை விடுமாறும், சிங்கபோங்கா என்னும் முழுமுதற் கடவுளையே வணங்குமாறும், மதுவை ஒழித்துத் தூய்மை பேணுமாறும் போதித்தார். முன்னோர் நெறியை அவர் முற்றும் விலக்கினாரல்லர். அதன் நடுநின்ற கடவுளை வைத்துக்கொண்டு அச்சத்தையே களைந்தார். மக்கள் அவரை மண்ணின் தந்தையென்று போற்றிச் சல்காடு என்னும் அவரூர்க்குத் திரண்டனர். அவர் கை பட்டால் நோயகலும் என நம்பினர். வந்தோர் யாவரும் நலம்பெற்றாரல்லர். அந்நம்பிக்கை எமக்கும் உடன்பாடன்று. ஆயினும் அம்மை குத்துதலாகிய முன்காப்பன்றி, கண்டபின் தீர்க்கும் மருந்து அன்று எம்மருத்துவரிடத்தும் இல்லை. நீரூட்டிப் புண் துடைத்து உடனிருப்பதற்கு மேல் ஒருவர் செய்யக்கூடியது யாது?

திரண்ட கூட்டங்கண்டு அஞ்சிய அரசு, அவ்வாண்டே அவரைச் சிறையிலிட்டது. விடுதலைக்குப் பின் பஞ்சத்தால் மெலிந்த மக்கள் மீண்டும் அவர்பாற் சேர்ந்தனர். 1899 டிசம்பரில் கிளர்ச்சி மூண்டது. மறுமாதம் தோம்பாரிக் குன்றருகே வில்லேந்தியோர் துப்பாக்கிக்கு இரையாயினர். பிப்ரவரியில் பிடிபட்ட பிர்சா, 1900 ஜூன் 9ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் தம் இருபத்துநான்காம் வயதில் மாண்டார். வாந்திபேதி காரணமென்றது அரசு; நஞ்சென ஐயுற்றனர் அவர்தம் மக்கள். பிறர்க்குக் கொள்ளைநோயிற் பணிசெய்தவர்க்கு, சிறையில் உடனிருக்க உற்றார் ஒருவருமிலர்.

முண்டர் நிலத்தைக் காக்கும் குடிவாரச் சட்டம் 1908இல் வந்தது. பெரியம்மையோ நெடுநாள் நின்றது. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1975இல், அந்நாளில் ராஞ்சியையும் உட்கொண்டிருந்த பிஹார் மாநிலத்திலேதான் இந்நாட்டிற்குள் பரவி வந்த அந்நோயின் கடைசி நோயாளி காணப்பட்டார்.