தம் குரலைத் தாமே ஒலித்தவர்: பிரடெரிக் டக்ளஸ்

ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பிறர் பேசுவது ஒன்று. அம்மக்களே எழுந்து நின்று தம் கருத்தை எடுத்துரைப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமையைத் தம் வாழ்வால் விளக்கிய பெருமகனார், அமெரிக்கக் கருப்பின மக்களின் தலைவர் பிரடெரிக் டக்ளஸ் ஆவார். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அவருடையது.

1818-ஆம் ஆண்டு மேரிலாண்ட் மாநிலத்தில் அடிமைத் தாய் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தாம் பிறந்த நாள் இன்னதென்பது அவருக்கு இறுதிவரை தெரியாது. அன்னை வேறொரு பண்ணையில் உழைத்தார். பகல் வேலை முடிந்தபின் 12 மைல் நடந்துவந்து, மகனை உறங்கச் செய்து, விடியுமுன் திரும்பிவிடுவார். அவ்வன்னையும் மகனுக்கு ஏழு வயதளவில் மறைந்தார்.

எட்டு வயதளவில் டக்ளஸ் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவரோ, எழுத்தறிந்தவன் அடிமையாக இரான் என்று கூறித் தடுத்துவிட்டார். அத்தடையிலிருந்தே விடுதலைக்கு வழி எது என்பதைச் சிறுவர் உணர்ந்துகொண்டார். தெருவில் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அவர்களிடம் பாடம் கேட்டார். கப்பல் கட்டும் துறையில் மரப்பலகைகளின்மேல் குறித்திருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். தாம் கற்றதைப் பின்னர்ப் பிற அடிமைகளுக்கும் மறைவாகக் கற்பித்தார்.

1838 செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பலோட்டியின் உடையணிந்து, வேறொருவரின் சான்றிதழை இரவல் பெற்று அவர் தப்பினார். அதற்குத் துணைநின்றவர், அடிமையல்லாத கருப்பினப் பெண்ணாகிய அன்னா மரே. அதே மாதம் அவர்கள் நியூயார்க்கில் மணம்புரிந்துகொண்டனர்.

1841-இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் அவர் பேசிய பேச்சு, அவரை மக்களிடையே அறிமுகப்படுத்தியது. வில்லியம் லாயிட் காரிசன் முதலிய வெள்ளைத் தலைவர்கள் அவரை ஊர்தோறும் அழைத்துச் சென்றனர். அவர்கள் நல்லவர்களே. ஆயினும், பட்ட துன்பங்களை மட்டும் டக்ளஸ் சொன்னால் போதும், அவற்றின் காரணங்களையும் தீர்வையும் தாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பது அவ்வியக்கத்தார் சிலரின் எண்ணமாக இருந்தது. மிகவும் கற்றவர்போலப் பேசவேண்டாம் என்றும் அறிவுறுத்தினர். தம் காயங்களைக் காட்டுவதோடு நின்றுவிட டக்ளஸ் இசையவில்லை.

1845-இல் தம் வரலாற்றை நூலாக எழுதி, பண்ணையார்களின் பெயர்களையும் வெளியிட்டார். மீண்டும் பிடிபடும் ஆபத்து நேர்ந்ததால் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார். அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் செலுத்தி அவரது விடுதலையைச் சட்டப்படி பெற்றுத் தந்தனர். தாயகம் திரும்பியவர், காரிசன் வேண்டாமென்று தடுத்தும், 1847 டிசம்பரில் ராச்செஸ்டர் நகரிலிருந்து 'நார்த் ஸ்டார்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கருப்பின மக்களின் கருத்து, அவர்கள் கையாலேயே அச்சேறியது.

அந்நகரில் அவர் மகள் ரொசெட்டா பள்ளியில் சேர்ந்தபோது தனியறையில் அமர்த்தப்பட்டாள். இக்கொடுமை நமக்குப் புதியதன்று. உடன் பயின்ற மாணவிகள் அவளைத் தம்மருகில் அமர இசைந்தும், ஒரு மாணவியின் தந்தை மறுத்ததால் அவள் நீக்கப்பட்டாள். டக்ளஸ் அத்தந்தையைத் தம் இதழில் வெளிப்படையாகக் கண்டித்தார். நகரப் பொதுப்பள்ளிகளில் இருந்த நிறப்பிரிவினையை எதிர்த்தும் போராடினார். 1857-இல் அது ஒழிந்தது.

உள்நாட்டுப் போரில் கருப்பின இளைஞர்களைப் படையில் சேர்த்தார். அவர் புதல்வர்களுள் இருவர் சேர்ந்தனர். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கருப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். 1863 ஆகஸ்டில் டக்ளஸ் குடியரசுத் தலைவர் லிங்கனை நேரில் கண்டு இவ்வநீதியை முறையிட்டார். 1864-இல் சமஊதியச் சட்டம் நிறைவேறியது.

பின்னாளில் உயர்பதவிகள் வந்தன. வாஷிங்டனில் மார்ஷலாகவும், ஹைத்தி நாட்டில் அமெரிக்கத் தூதராகவும் பணியாற்றினார். பதவி அவர் வாயை அடைக்கவில்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அமெரிக்கக் கருப்பின மக்களுக்கு உரிய இடம் மறுக்கப்பட்டது. ஹைத்தி அரசு தன் அரங்கின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. சொந்த நாடு தராத இடத்தைப் பிறநாட்டு அரங்கில் பெற்ற டக்ளஸ், அங்கிருந்தே ஐடா பி. வெல்ஸ் அம்மையாருடன் இணைந்து, அந்த மறுப்பைக் கண்டிக்கும் சிறுநூலை உலக மக்களுக்கு வழங்கச் செய்தார்.

1848-இல் செனகா ஃபால்ஸ் மாநாட்டில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர் அவர். 1895 பிப்ரவரி 20-ஆம் நாள், மகளிர் கூட்டமொன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பியபின் உயிர்நீத்தார்.

அமெரிக்க அடிமை ஒழிப்பின் செய்தி நம் நாட்டையும் எட்டியது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

நம் கழகத்தின் உதவியால் கற்றுப் பட்டமும் பணியும் பெற்ற இளைஞர்களே! அவைகளில் நமக்கு ஓர் இருக்கை கிடைப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவ்விருக்கையில் அமர்ந்து நம் மக்களின் குறைகளைச் சொல்வதோடு, அவற்றின் காரணத்தையும் தீர்வையும் நாமே ஆராய்ந்து உரைத்தல் வேண்டும். அதற்காகவே கற்போம், கற்றதைப் பிறர்க்கும் கற்பிப்போம்.