லாங்டன் டவுன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள டார்பாயிண்ட் என்னும் சிற்றூரில் 1828ஆம் ஆண்டு ஜான் லாங்டன் டவுன் பிறந்தார். தந்தையார் ஊரில் மருந்தும் மளிகையும் விற்கும் கடையொன்றை நடத்தி வந்தார். மைந்தர் 14ஆம் வயதிலேயே பள்ளியை விட்டுக் கடையில் அமர நேர்ந்தது.

அவருக்கு 18 வயதான போது ஒரு நாள், குடும்பத்தாருடன் வெளியே சென்றிருந்த இடத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. அனைவரும் அருகிலிருந்த குடிசையில் ஒதுங்கினர். அங்கே அவர்களுக்குப் பணிவிடை செய்த பெண் அறிவு வளர்ச்சி குன்றியவள். அவள் பார்வை டவுனைப் பின்தொடர்ந்த வண்ணம் இருந்தது. இவளுக்கென ஒன்றுமே செய்ய இயலாதா என்ற வினா அன்று அவர் உள்ளத்தில் எழுந்தது. மழை நின்றது, வினா நிற்கவில்லை.

இலண்டன் சென்று மருந்தாக்கக் கலை பயின்றார். 25ஆம் வயதில், தம்மினும் இளையோருடன் அமர்ந்து மருத்துவம் கற்கத் தொடங்கினார். தேர்வுகளில் பரிசுகள் குவிந்தன. நகரில் புகழும் பொருளும் காத்திருந்தன. அவரோ 1858ஆம் ஆண்டில் சர்ரே மாவட்டத்து எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் தலைமை மருத்துவப் பொறுப்பை ஏற்றார். நண்பர்கள் வியந்தனர். அறிவு வளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த அக்காப்பகத்தின் நிலை அப்பொழுது மிகவும் தாழ்ந்திருந்தது. அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதைப் பெருமையாக எவரும் கருதாத காலம் அது.

டவுன் அங்கே முதலில் மருந்தைத் தேடவில்லை. அடிப்பதை ஒழித்தார், தூய்மையையும் நல்லுணவையும் வற்புறுத்தினார். தோட்டவேலை, தச்சுவேலை முதலியன கற்பிக்கச் செய்தார். 1860ஆம் ஆண்டில் அவரை மணந்த மேரி அம்மையார் ஊதியம் பெறாமலே காப்பகத்தில் உழைத்தார். அங்கு வாழ்ந்தோருள் ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்பவர் செவிப்புலன் குறைந்தவர்; பேச்சும் மிகச் சிலவே. ஆயினும், அவர் கைவண்ணம் வியக்கத்தக்கது. பின்னாளில் ஏழாண்டுகள் உழைத்து, 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் புகழ்பெற்ற கப்பலின் மாதிரியை அவர் மரத்தால் வடித்தார்.

இத்தகையோரின் கைவினைப் பொருள்களைப் பாரிசு மாநகரக் கண்காட்சிக்கு அனுப்ப டவுன் விழைந்தார். காப்பகத்தின் ஆட்சிக்குழு அச்செலவை ஏற்க மறுத்தது. வேறு பிணக்குகளும் சேர, 1868ஆம் ஆண்டில் அவர் பதவி துறந்தார். அவ்வாண்டிலேயே தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அண்மையில், ஹாம்ப்டன் விக் என்னுமிடத்தில், கணவனும் மனைவியும் 'நார்மன்ஸ்ஃபீல்டு' என்னும் இல்லத்தைத் தொடங்கினர். சிலரோடு தொடங்கிய அவ்வில்லத்தில் சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் வாழலாயினர். கட்டணம் செலுத்த வல்ல குடும்பத்தாருக்கே அங்கு இடம் கிடைத்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. 1879ஆம் ஆண்டில் அங்கே அழகிய நாடக அரங்கொன்றும் எழுந்தது. நடித்தலும் பாடுதலும் அவர்களுக்கு வீண் பொழுதுபோக்கல்ல, பேச்சையும் நடையையும் திருத்தும் பயிற்சி என்பது டவுனின் துணிபு.

அவரிடம் பிழையும் உண்டு. 1866ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், பிறவியிலேயே ஒரே வகை முகச்சாயலுடன் தோன்றும் ஒரு சாராரை அவர் நுட்பமாக விளக்கினார். ஆனால், அச்சாயலை மங்கோலிய இனத்தாரின் சாயலோடு ஒப்பிட்டு அவ்வினத்தின் பெயரையே சூட்டிவிட்டார். தவறான அப்பெயர் நூறாண்டு காலம் நிலைத்தது. செல்லில் 46 நிறப்புரிகளுக்கு (குரோமோசோம்) மாறாக 47 இருப்பதே இந்நிலைக்குக் காரணம் என்று 1959ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்டனர். 1965ஆம் ஆண்டில், மங்கோலிய நாடு வேண்டிக்கொள்ள, உலகச் சுகாதார நிறுவனம் பழைய பெயரைக் கைவிட்டது. அதன்பின் டவுனின் பெயரே வழக்கில் நிலைபெற்றது.

1896ஆம் ஆண்டில் டவுன் மறைந்தார். மைந்தர் இருவரும் மருத்துவராகி இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினர். அவருள் ஒருவருக்கு 1905ஆம் ஆண்டில் பிறந்த மகனிடம், பாட்டனார் விளக்கிய அதே நிலை காணப்பட்டது. அக்குழந்தையைக் குடும்பத்தார் தம்முடனேயே வளர்த்தனர்.

1951ஆம் ஆண்டில் நார்மன்ஸ்ஃபீல்டு அரசின் மருத்துவப் பணித்துறையைச் சேர்ந்தது. இத்தகையோர் பெரிய காப்பகங்களில் தனித்து வாழ்வதினும், ஊருக்குள்ளே சிறு வீடுகளில் தக்க துணையுடன் வாழ்வதே நன்று என்னும் எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. 1997ஆம் ஆண்டில் மருத்துவமனை மூடப்பட்டது. நாடக அரங்கு மட்டும் பழைய வண்ணம் மாறாமல் காக்கப்பட்டு வருகிறது.