தீவுகளைப் படித்த அறிஞர் வாலஸ்

நுழையும்முன்

கூடு கட்டுவதும் முட்டையிட்டு அடைகாப்பதும் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதும் பறவைகளின் இயல்பு என்று எண்ணுகிறோம். ஆனால், தம் உடற்சூட்டால் அடைகாக்காமலும் குஞ்சுகளுக்கு இரையூட்டாமலும் இனம் பெருக்கும் பறவைகளும் உலகில் உள்ளன. அவற்றின் வாழ்வியலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், பள்ளிக்கல்வியை இளமையிலேயே இழந்த ஓர் எளிய மனிதர். அவர்தம் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் வறுமையும்

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், வேல்சு நாட்டின் அசுக் என்னும் ஊரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தின் செல்வநிலை தாழ்ந்தமையால் ஏறத்தாழ 14 வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்தினார். பின்னர்த் தமையனாருடன் நில அளவைப் பணியில் ஈடுபட்டு, வயல்களிலும் குன்றுகளிலும் அலைந்தார். அங்குக் கண்ட செடிகொடிகளின் பெயர்களை அறிய விரும்பிய ஆர்வமே அவரை இயற்கை ஆய்வாளராக்கியது. 1844இல் லெஸ்டர் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது ஹென்றி வால்ட்டர் பேட்சு என்னும் இளைஞரின் நட்பைப் பெற்றார். இருவரும் 1848இல் அமேசான் காடுகளுக்குப் பயணமாயினர்.

கடலில் எரிந்த உழைப்பு

அமேசான் பகுதியில் வாலஸ் நான்கு ஆண்டுகள் உழைத்தார். அவருக்குத் துணையாக வந்த தம்பி ஹெர்பர்ட், 1851இல் மஞ்சள் காய்ச்சலால் உயிரிழந்தார். மறு ஆண்டு வாலஸ் தாயகம் திரும்பிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்தது. அதிலிருந்த அரிய உயிரினத் தொகுப்பு முழுவதும் அழிந்தது. சில ஓவியங்களும் குறிப்புகளுமே எஞ்சின. திறந்த படகில் பத்து நாள்கள் தத்தளித்த பின்னரே மற்றொரு கப்பல் அவரையும் உடன்வந்தோரையும் காப்பாற்றியது. இத்தகைய இழப்பு எவரையும் முடக்கிவிடும். வாலசோ இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கடல் கடந்தார். 1854ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் சிங்கப்பூரை அடைந்தார்.

மண்மேடு காட்டிய எல்லை

மலேயத் தீவுக்கூட்டத்தில் வாலஸ் எட்டு ஆண்டுகள் சுற்றினார். அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்கு உற்ற துணைவராக விளங்கினார். 1856இல் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குச் சென்ற வாலஸ் வியப்படைந்தார். இரு தீவுகளையும் பிரிக்கும் நீரிணை, குறுகிய இடத்தில் 25 கிலோமீட்டருக்கும் குறைவான அகலமே உடையது. எனினும், பாலியில் கண்ட மரங்கொத்தி முதலிய பறவைகள் லொம்போக்கில் தென்படவில்லை. மாறாக, ஆசுதிரேலியப் பகுதிக்குரிய கொண்டைக்கிளிகளும் மண்மேடு கட்டும் பறவைகளும் அங்கு வாழ்ந்தன.

‘மெகாபோடு’ எனப்படும் இப்பறவைகள் பெரிய கால்களை உடையவை. இலைச்சருகு, சுள்ளி, மண் ஆகியவற்றைக் காலால் பின்னோக்கி வாரிக் குவிக்கும். ஆறு முதல் எட்டு அடி உயரமும் இருபது முதல் முப்பது அடி குறுக்களவும் கொண்ட மேடுகளை வாலஸ் குறிப்பிட்டுள்ளார். மேட்டினுள் சருகுகள் மட்கும்போது உண்டாகும் வெப்பமே முட்டைகளைப் பொரிக்கச் செய்கிறது. மண்மேட்டுப் பறவையின் இருப்பும் பிற பறவைகளின் இன்மையும், ஆசிய உயிரினங்களையும் ஆசுதிரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் எல்லை அந்நீரிணை வழியே செல்வதை வாலசுக்கு உணர்த்தின. அவ்வெல்லை இன்று ‘வாலஸ் கோடு’ என வழங்குகிறது.

காய்ச்சலிடையே பிறந்த கருத்து

1858ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாலஸ் கடும் காய்ச்சலுற்றார். அந்நிலையில், சூழலுக்கு ஏற்ற உயிர்களே நிலைபெறுகின்றன என்னும் கருத்து அவர் உள்ளத்தில் தெளிவுற்றது. அதனைக் கட்டுரையாக்கிச் சார்லசு டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் அதே கருத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தார். அதனால், அவ்வாண்டு சூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்துகளும் ஒருசேரப் படிக்கப்பட்டன. தொலைதூரத் தீவில் இருந்த வாலசின் இசைவு முன்னரே பெறப்படவில்லை. எனினும், அவர் மனக்கசப்புக் கொள்ளாது மகிழ்ந்தார்.

கருமணற் கரையில்

1859இல் செலிபசுத் தீவின் வடபகுதியில் ‘மலியோ’ என்னும் பறவையை வாலஸ் ஆராய்ந்தார். இப்பறவை மேடு கட்டுவதில்லை. காட்டிலிருந்து பல கல் தொலைவு நடந்து கடற்கரைக்கு வந்து, எரிமலைக் கருமணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுச் செல்லும். கதிரவனின் வெப்பம் மணலைச் சூடாக்கி முட்டையைப் பொரிக்கும். மலியோவின் முட்டை, கோழி முட்டையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு எடையுள்ளது.

இப்பறவை அடைகாக்காமைக்குக் காரணம் யாது என வாலஸ் சிந்தித்தார். முட்டை மிகப் பெரிதாகையால் அடுத்த முட்டை முதிர்வதற்குப் பதின்மூன்று நாள்கள் ஆகும் என்று ஊர்மக்கள் கூறினர். ஒரு பருவத்தில் ஆறு முதல் எட்டு முட்டைகள் இடுவதாயின், முதல் முட்டைக்கும் இறுதி முட்டைக்கும் இடையே இரண்டு, மூன்று திங்கள் கழியும். அவ்வளவு காலமும் தாய்ப்பறவை அடைகாத்திருத்தல் இயலாது என அவர் விளக்கினார். மணலைத் துளைத்து வெளிவரும் குஞ்சு, தாயின் துணையின்றித் தானே காட்டை நாடிச் செல்லும். கப்பலில் பொரித்த குஞ்சுகள் மறுநாட் காலையிலேயே அறையின் குறுக்கே பறந்தன என வணிகர் ஒருவர் கூறியதையும் அவர் பதிவுசெய்துள்ளார். ஊர்மக்களின் அறிவை மதித்துக் கேட்டு, அதனைத் தம் ஆய்வோடு இணைத்தமை அவரது சிறப்பாகும்.

மொலுக்கசுத் தீவுகளில் அவர் திரட்டிய மற்றொரு மண்மேட்டுப் பறவைக் குடும்பத்து இனத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இரவில் கடற்கரைக்கு வந்து முட்டையிடும் இயல்புடையது அது.

புகழும் எளிமையும்

1862இல் தாயகம் திரும்பியபோது வாலஸ் திரட்டியிருந்த உயிரின மாதிரிகள் 1,25,660 ஆகும். அவருள் பறவைகள் மட்டும் 8,050. 1869இல் வெளிவந்த ‘மலேயத் தீவுக்கூட்டம்’ என்னும் தம் நூலை அவர் டார்வினுக்கு உரிமையாக்கினார். நிலையான பணியின்றி வறுமையில் வாடிய அவருக்கு, டார்வினின் முயற்சியால் 1881இல் அரசு ஆண்டுக்கு 200 பவுன் ஓய்வூதியம் வழங்கியது. 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தம் 90ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

நம் கடமை

வாலஸ் சென்ற காலத்திலேயே மலியோ முட்டைகளை எடுக்க மக்கள் வெகுதொலைவிலிருந்து கடற்கரைக்கு வந்தனர். முட்டை சேகரிப்பாலும் காடழிப்பாலும் இன்று அப்பறவை அழிவின் விளிம்பில் நிற்கிறது. நம் நாட்டின் நிக்கோபார்த் தீவுகளிலும் மண்மேட்டுப் பறவையினம் ஒன்று வாழ்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அதன் மேடுகள் பலவற்றை அழித்தது. உயிரினங்கள் மறையுமுன் அவற்றை அறிந்து போற்றவேண்டும் என 1863இலேயே வாலஸ் வலியுறுத்தினார். தாயின் துணையின்றி மணலைத் துளைத்து வெளிவரும் அக்குஞ்சுக்கு, அது நாடிச்செல்லும் காடு எஞ்சியிருக்கவேண்டும். அதனைக் காப்பது மாந்தர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணப்படும் பறவை ஒன்றின் கூடு, முட்டை, குஞ்சு வளர்ப்பு ஆகியவற்றை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.
2. பறவைகளைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.