பற்றீசியா கோல்ட்மன்-ராகிச்

நூற்றாண்டு மலரில் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கதை எதற்கு என்று கேட்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் முதலில் ஒரு வார்த்தை. லிந்துலை மலைகளில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மீதி எத்தனை கிலோ என்று எங்கள் அம்மாமார் நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போடுவார்கள். அப்படிச் சில விநாடிகள் எண்களை மனதில் பிடித்துவைக்கும் ஆற்றலைச் செயல்நினைவு என்கிறோம். மூளையின் எந்தக் கலங்கள் அதைச் செய்கின்றன என்று ஆயுள் முழுவதும் தேடியவர் இவர்.

1937இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் பிறந்தார் (எங்கள் பாட்டன்மார் சிலர் புறப்பட்டு வந்த சேலம் வேறு). அக்காலத்தில் பெண்கள் மட்டுமே படித்த வாசர் கல்லூரியில் 1959இல் பட்டம் பெற்றார், 1963இல் கலாநிதியானார். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றி, 1979இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

அந்த ஆண்டில் வெளியான ஆய்வுதான் முக்கியமானது. குரங்குகளின் முன்நெற்றி மேற்பட்டையில் டோபமின் என்ற இரசாயனத்தைக் குறைத்தபோது, முந்தைய முறை எந்தப் பக்கத்தில் உணவைத் தேடினோம் என்பதை அவை சில விநாடிகளில் மறந்தன. அந்தப் பகுதியையே வெட்டியெடுத்தால் ஏற்படும் பாதிப்புக்கு அது ஏறக்குறைய ஈடாக இருந்தது.

பிறகு, டோபமினை ஏற்கும் வாங்கிகள் எந்த நரம்புக்கலத்தில் இருக்கின்றன என்று இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தேடத் தொடங்கினார். செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் கூம்பகக் கலங்களின் சின்னஞ்சிறு முட்களில் டி1 வாங்கிகள் இருந்தன. அக்கலங்களை அடக்கிவைக்கும் இடைநரம்புக்கலங்களிலும் சிலவற்றில் டி1 இருந்தது. டி4 என்ற வேறொரு வகையும் அங்கே காணப்பட்டது. ஆக, ஒரே டோபமின் தூண்டுபவரையும் தொடுகிறது, அடக்குபவரையும் தொடுகிறது. குறைந்தாலும் நினைவு கெடும், கூடினாலும் கெடும் என்று அவரது குழு காட்டியது.

எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளிசைகள் பெரும்பாலும் டி2 வாங்கியைத் தடுப்பவை. காதில் கேட்கும் குரல்கள் அடங்கும். ஆனால் பிள்ளை பழையபடி கணக்குப் பார்க்க மாட்டாள். சோம்பேறி என்று வீட்டார் ஏசுவார்கள், சிலர் குளிசையை நிறுத்தியும் விடுவார்கள். நிறுத்தினால் குரல்கள் திரும்பிவிடும். மேற்பட்டையில் டி2ஐ விட டி1தான் மிக அதிகம். நினைவுக் குறைக்கு வழி அங்கே இருக்கலாம் என்பது கோல்ட்மன்-ராகிச்சின் வாதம். நீண்டகாலம் மருந்து கொடுத்ததால் நினைவு மங்கிய குரங்குகளில், டி1ஐச் சிறிது காலம் தூண்டி அதை மீட்டதை 2000ஆம் ஆண்டில் அவரது குழு வெளியிட்டது.

2003 ஜூலை இறுதியில் வீதியைக் கடக்கும்போது கார் மோதி, இரண்டு நாள் கழித்து, 66ஆவது வயதில் காலமானார். அவர் சொன்ன டி1 மருந்து இன்னும் எங்கள் கிளினிக்குக்கு வந்து சேரவில்லை.