வெட்கம் தந்த மருத்துவக் கருவி

எனது உம்மா மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தார். வைத்தியரிடம் போவோம் என்றால் நாளைக்கு, நாளைக்கு என்றார். நெஞ்சைச் சோதிப்பார்களே என்ற வெட்கம்தான் காரணம். அப்போதுதான் லெனெக்கின் கதையை அவருக்குச் சொன்னேன்.

ரெனே லெனெக் 1781இல் பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். வைத்தியரான தந்தையின் சகோதரர் அவரை வளர்த்தார். 1801இல் பாரிஸ் சென்று, நெப்போலியனின் வைத்தியரான கோர்விசாரிடம் பயின்றார். நெஞ்சை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று அறியும் முறையை அங்கே கற்றார்.

1816இல் நெக்கர் வைத்தியசாலையில் இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். உடல் பருமனால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதே அன்றிருந்த அடுத்த வழி. ஓர் இளம்பெண்ணிடம் அப்படிச் செய்ய லெனெக்கின் மனம் இடங்கொடுக்கவில்லை. காகிதத்தை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு நுனியை அவரது நெஞ்சிலும் மறு நுனியைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான்.

பிறகு மரத்தில் சுமார் ஓரடி நீளக் குழாயைத் தானே கடைந்தார். நோயாளிகளின் மூச்சொலிகளைக் குறித்துக்கொண்டு, இறந்தவர்களின் உடலைச் சோதித்து நுரையீரலோடு ஒப்பிட்டார். எந்த ஒலி நியூமோனியா, எது காசநோய் என்று பிரித்தறிந்து 1819இல் நூலாக வெளியிட்டார்.

காசநோய் அவரையும் விடவில்லை. 1826இல் தன் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கும்படி வைத்தியரான உறவினர் மெரியாதெக்கிடம் கேட்டார். மெரியாதெக் சொன்ன ஒலிகளின் பொருள் அவருக்குத் தெரியாததா? அவற்றை உலகுக்கு விளக்கியவரே அவர்தான். அவ்வாண்டு ஆகஸ்ட் 13ஆம் திகதி, 45 வயதில் காலமானார்.

நமது மார்க்கம் வெட்கத்தை ஈமானோடு சேர்த்துப் பேசுகிறது. ஆனால் லெனெக்கின் வெட்கம் சிகிச்சையின் கதவை மூடவில்லை, இன்னொரு கதவைத் திறந்தது. நாமும் அப்படி வழி தேடலாம். பெண் வைத்தியரைக் கேட்கலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் தாமதிக்கக் கூடாது. அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசநோய்க்கான மருந்து இலவசம்.

கதையைக் கேட்ட உம்மா, மறுநாள் ராத்தாவோடு பெண் வைத்தியரிடம் போனார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகமாக இருக்கிறார்.