இராபர்ட் கோக்

உண்ணும் உணவும் பருகும் நீரும் தூயவையா என்பதைக் கண்ணால் மட்டும் கண்டறிய இயலாது. தெளிந்த நீரிலும் நோய் தரும் பாக்டீரியா மறைந்திருக்கக்கூடும். அதனைத் தனியே பிரித்துக் காட்டும் வழியை உலகுக்கு அளித்தவர் இராபர்ட் கோக்.

இவர் 1843 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் நாள் ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, சிற்றூர் ஒன்றில் பணிபுரிந்தார். நோயாளிகளைக் கவனித்தபின் எஞ்சிய நேரத்தில், தம் இல்லத்திலேயே நுண்ணோக்கியுடன் ஆய்வு செய்தார். கால்நடைகளைக் கொன்ற அடைப்பான் நோய்க்கு ஒருவகைப் பாக்டீரியாவே காரணம் என 1876 இல் மெய்ப்பித்தார்.

அக்காலத்தில் நுண்ணுயிரிகளை நீர்மத்தில் வளர்த்தனர். அதில் பலவகை உயிரிகள் கலந்துவிடும். நோய்க்குக் காரணமானது எதுவெனத் தெரியாது. இதற்குரிய விடை, வேகவைத்து நறுக்கிய உருளைக்கிழங்கில் கிடைத்தது. காற்றுப்பட வைத்த துண்டின்மேல் பல நிறப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியும் ஒரே வகை நுண்ணுயிரியின் கூட்டம் எனக் கோக் கண்டார். திடமான பரப்பில் அவை கலவாமல் வளரும் என உணர்ந்தார். பின்னர் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். அது வெப்பத்தில் உருகியது. அவரது ஆய்வகத்தில் பணியாற்றிய அறிஞர் ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ், இனிப்புப் பண்டம் செய்யத் தாம் பயன்படுத்திய அகரைப் பரிந்துரைத்தார். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அப்பொருள் உருகாமல் நின்றது.

1883 இல் எகிப்தில் காலரா பரவியது. ஜெர்மானியக் குழுவுடன் கோக் அங்குச் சென்றார். போட்டியாக வந்த பிரெஞ்சுக் குழுவின் இளம் அறிஞர் லூயி துய்லியே அந்நோய்க்கே பலியானார். பகைமை பாராட்டாத கோக், அவரது சவப்பெட்டியைச் சுமந்தோருள் ஒருவரானார்.

நோயைத் தொடர்ந்து கோக் கல்கத்தாவுக்கு வந்தார். காற்புள்ளி வடிவிலான பாக்டீரியாவை 1884 இன் தொடக்கத்தில் தனியே வளர்த்தார். இத்தாலிய அறிஞர் பாசினி 1854 இலேயே அதனைக் கண்டிருந்தும், உலகம் பொருட்படுத்தவில்லை. காலரா பரவிய பகுதியின் குளத்து நீரிலும் கோக் அப்பாக்டீரியாவைக் கண்டார். மக்கள் அக்குளத்தில் குளித்தனர், துணி துவைத்தனர், அந்நீரையே குடித்தனர். நோய் வந்த வழி புலனாயிற்று.

காசநோய் ஆய்வுக்காக 1905 இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27 இல் மறைந்தார்.

இன்று பாலிலும் இறைச்சியிலும் உள்ள தீய பாக்டீரியாவைச் சில மணி நேரத்தில் காட்டும் கருவிகள் வந்துள்ளன. எனினும் அவை கூறும் முடிவு சரியானதா என அறிய, அகர் பரப்பில் வளர்த்துப் பார்க்கும் முறையையே ஆய்வகங்கள் இன்றும் நாடுகின்றன.

சொற்பொருள்
நீர்மம் – நீர்போல் ஓடும் பொருள்
மெய்ப்பித்தல் – உண்மையென நிலைநாட்டுதல்
புலனாதல் – தெளிவாகத் தெரிதல்

வினாக்கள்
1. உருளைக்கிழங்குத் துண்டு கோக்குக்கு உணர்த்திய உண்மை யாது?
2. ஜெலட்டினைவிட அகர் ஏன் சிறந்ததாயிற்று?
3. எகிப்தில் கோக்கின் பெருந்தன்மை எவ்வாறு வெளிப்பட்டது?